ஐந்தெழுத்து மந்திரம்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் அது மாமியாருடைய நேரம். டொராண்டோவில் இருக்கும் சின்ன நாத்தனாரோடு முகம் பார்த்துப் பேசும் நேரம். புரை விழுந்த கண்ணுக்குக் கைபேசியின் கையகலத் திரை போதாது. லேப்டாப்பைத்தான் முக்காலியின் மேல் வைத்தாக வேண்டும்.

அந்த லேப்டாப் பழையது. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு நின்றுவிட்டது. அடுத்ததான 11-ஐத் தாங்க எங்கள் பெட்டிக்குத் தெம்பில்லை. சனிக்கிழமை வந்திருந்த அக்காள் பிள்ளை, "கவலைப்படாதீங்க சித்தி" என்று அதில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றினான். ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று சரிபார்க்காமலே பெங்களூருக்குக் கிளம்பியும் போய்விட்டான்.

மறுநாள் காலையில் திறந்தால் எல்லாம் இருக்கிறது; வைஃபை மட்டும் இல்லை! கூடத்து மூலையில் ரூட்டர் கண் சிமிட்டிக் கொண்டிருக்கிறது. பெட்டியோ அதைக் கண்டதாகவே காட்டிக் கொள்ளவில்லை.

"தூக்கிப் போடு. புதிசு வாங்கிக் கொள்ளலாம்" என்றார் என் வீட்டுக்காரர். வாங்கலாம்தான், ஆனால் மாதக் கடைசியாயிற்றே! மாமியார் ஒன்றும் பேசவில்லை. காலையிலேயே நல்ல புடவையாக உடுத்திக் கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. பையனுக்கு டெலிபோன் செய்தேன்.

"முதலில் வைஃபை ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா பாருங்க சித்தி. சில லேப்டாப்பில் பக்கவாட்டில் இருக்கும்; சிலவற்றில் மேல் வரிசையில், கோபுரப் படம் போட்ட பொத்தானாக இருக்கும்."

பார்த்தேன். அணையவில்லை.

"சரி, டெர்மினல் என்ற கறுப்பு ஜன்னலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்று அடியுங்க."

ஐந்தெழுத்து மந்திரம்! அடித்ததும் பெட்டிக்குள் இருக்கிற உறுப்புகளின் பெயரெல்லாம் வரிசையாக வந்து நின்றன. 'நெட்வொர்க் கண்ட்ரோலர்' என்ற வரியில் வைஃபை கருவியின் பெயரும் நம்பரும் இருந்தன. (வெளியே செருகுகிற யு.எஸ்.பி. துண்டாக இருந்தால் எல், எஸ், யு, எஸ், பி. அதுவும் ஐந்தெழுத்துதான்!)

"பெயர் சொல்கிறதென்றால் பெட்டி அதைப் பார்த்துவிட்டது. பெரும்பாலும் கருவி கெட்டிருக்காது. அதற்கு வேண்டிய டிரைவர்தான் இல்லை" என்றான்.

அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். 1991-ல் பிறந்த லினக்ஸ், செய்முறையை ஒளிக்காமல் ஊருக்கே எழுதி வைத்த சமையல் மாதிரி. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் வைஃபை சில்லு செய்கிற கம்பெனிகளில் சில, குழம்புப் பொடியின் பக்குவத்தை வெளியே சொல்லாத பாட்டிகள் போல. சிலர் பொடியையாவது தாராளமாகக் கொடுப்பார்கள். சிலரோ, "வேண்டுமானால் தனியாக வந்து வாங்கிக் கொள்" என்பார்கள். அந்தப் பொடிதான் டிரைவரும் ஃபர்ம்வேரும். ஃபர்ம்வேர் என்பது சில்லுக்குள்ளேயே ஓடும் சின்ன நிரல். பல சில்லுகளுக்குப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அதைப் புதிதாக ஊட்ட வேண்டும்! டெபியன் என்ற லினக்ஸில்கூட, 2023-ல் வந்த 12-ம் பதிப்பிலிருந்துதான் இந்த மாதிரிப் பொடிகளை நிறுவும் வட்டிலேயே சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

"அப்படியானால் அதை எங்கே வாங்குவது?"

"இண்டர்நெட்டில்."

இண்டர்நெட் வருவதற்கு இண்டர்நெட் வேண்டுமாம்! பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான்.

அதற்கும் உபாயம் சொன்னான். கைபேசியை சார்ஜர் ஒயரால் லேப்டாப்போடு இணைத்து, கைபேசியின் செட்டிங்ஸில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதைப் போட வேண்டும். கைபேசியின் இண்டர்நெட் ஒயர் வழியே பெட்டிக்கு வந்துவிடும். நான் இணைத்தேன், வரவில்லை. கால் மணி அவஸ்தைக்குப் பிறகு தெரிந்தது: சில ஒயர்கள் மின்சாரம் மட்டும்தான் கொண்டு போகுமாம். வேறு ஒயரை மாற்றியதும் வந்துவிட்டது.

பிறகு மெனுவில் 'டிரைவர் மேனேஜர்'. அதுவே எங்கள் சில்லுக்கு ஏற்றதைக் காட்டியது. தேர்ந்தெடுத்துச் சம்மதம் கொடுத்தேன். சாதம் வடிக்கிற நேரத்தில் இறக்கி முடித்தது. பெட்டியை அணைத்துத் திறந்தேன். கீழ் மூலையில் விசிறி மாதிரி அடையாளம். அதைத் தொட்டால் எங்கள் வீட்டு ரூட்டரின் பெயர்!

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி மௌனம் சாதித்தால், பரணிலோ குப்பையிலோ போடுமுன் ஐந்தெழுத்தைச் சொல்லி அதன் பெயரைக் கேளுங்கள்.

"நான்தான் அப்போதே சொன்னேனே, பெட்டியில் ஒரு கோளாறும் இல்லையென்று!" என்றார் என் வீட்டுக்காரர். நான் பதில் சொல்லவில்லை.

மாலையில் திரை நிறைய நாத்தனாரின் முகம் வந்தது. மாமியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"ஏண்டி, இப்படி இளைச்சுப் போயிட்டே?"

கைபேசியில் அது தெரிந்திருக்காது.