எங்கள் தெருக் கிணற்றில் எப்போது உப்பு கூடுகிறது?

இந்த வாரம் மீஞ்சூர் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் தொங்கிய அட்டை எனக்குக் கோபத்தை மூட்டிவிட்டது: 'பள்ளி புராஜெக்ட் ரெடியாகக் கிடைக்கும்.' உள்ளே, 'பழவேற்காடு ஏரி மாசு' என்று ஒரு ஃபைல் ஸ்பைரல் போட்டுக் காத்திருந்தது. ஏரியை எட்டிப் பார்க்காமலே மதிப்பெண் வாங்கலாம்.

ஆசிரியர்கள் தலைப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிற வழக்கத்தின் மேல் எனக்கு வருத்தம் உண்டு. தலைப்புக்குப் பதில் ஒரு கேள்வி வேண்டும்: 'எங்கள் தெருக் கிணற்றில் எந்த மாதம் உப்பு கூடுகிறது?' கேள்வி இந்த அளவுக்குச் சுருங்கினால்தான் பிள்ளைக்கு அடுத்த படி புலப்படும்: எந்தக் கிணறு, யாரிடம் கேட்பது, எதைக் கொண்டு அளப்பது, எப்படிக் குறித்துவைப்பது.

இந்தக் கேள்விக்கு மீஞ்சூரைவிடப் பொருத்தமான ஊர் ஏது? சென்னையின் தாகத்துக்கு இங்கே ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இறைத்தார்கள். 1960களின் கடைசியிலேயே நிலத்தடியில் கடல்நீர் ஏறிவருவது தெரிந்துவிட்டது. 2010இல் இதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளுக்கு 10 கோடி லிட்டர். நல்ல தண்ணீரை இறைத்து உப்பை வரவழைத்தோம். இப்போது உப்பைப் பிரித்துத் தண்ணீர் எடுக்கிறோம்.

வடக்கே பழவேற்காட்டுக்குப் போனால் உப்பின் கதையே வேறு. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் வெள்ளத்தால் ஏரியில் உப்பு குறைகிறது. முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் கோடையில் கடலைவிடக் கரிக்கிறது. இறால் குஞ்சு உள்ளே வர முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். மீனவப் பெரியவர்களுக்கு இது அத்துபடி. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று முறைவைக்கும் 'பாடு' வழக்கமே தலைமுறைகளாகச் சேர்ந்த கணக்குதான். மாணவி முதலில் அவர்களிடம் கேட்டு எழுதட்டும். பிறகு வாரம் ஒருமுறை தானே உப்பை அளக்கட்டும். பெரியவர் சொன்னதும் கருவி காட்டியதும் ஒத்துப்போகாத வாரம் வரும். அதை அழிக்காமல் எழுதவும், ஏன் என்று மறுபடி போய்க் கேட்கவும் பழக்குவதுதான் ஆசிரியரின் பெரிய வேலை. கடையில் வாங்கிய ஃபைலில் அந்த வாரம் இருக்காது.

இப்படிக் கேட்டு அளந்து எழுதும் ஆய்வுக்கு மேடையும் இருக்கிறது. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தம் வட்டாரச் சிக்கலை ஆராய்ந்து தம் மொழியிலேயே முன்வைக்கலாம்.

மீஞ்சூர், பொன்னேரி ஆசிரியர்களே, ஜூனில் பள்ளி திறந்ததும் கேள்வியை எழுதச் சொல்லுங்கள். மழையும் கோடையும் பார்த்து அளக்க அவகாசம் கொடுங்கள். திங்கட்கிழமை சொல்லி வெள்ளிக்கிழமை ஃபைல் கேட்காதீர்கள்.