கான்வென்ட்டில் நம் பிள்ளைகள்

 

நம் மாலை மக்தபில் ஓதும் பிள்ளைகளுள் ஒருத்தி ஏழாம் வகுப்பு மாணவி. பகலில் அவள் பயில்வது, கன்னியாஸ்திரிகள் நடத்தும் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில். ஒருநாள் ஓதி முடித்தவள், "ஹஜ்ரத், காலையில் ஜெபம் சொல்லும்போது எல்லாரும் சிலுவை அடையாளம் போடுகிறார்கள். நானும் போடுகிறேன். அது குற்றமா?" என்று கேட்டாள். "குற்றந்தான், இனிச் செய்யாதே" என்று கடிந்துரைத்துவிட்டு, அடுத்த பிள்ளையின் பாடத்தைக் கேட்கத் தொடங்கிவிட்டேன். விடை சொல்லியாயிற்று என்பது என் எண்ணம்.

இரு வாரங்கள் கழித்து அவளுடைய அத்தா கவலையோடு வந்தார். மகள் நாள்தோறும் தாமதமாக வருவதாகப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருந்தது. வீட்டிலிருந்தோ அவள் நேரத்தோடு புறப்பட்டுவிடுகிறாள். விசாரித்தபோது உண்மை புலப்பட்டது. ஜெபம் முடியும் வரை எதிரேயுள்ள கடையோரத்தில் ஒதுங்கி நின்றுவிட்டு, அதன்பின் உள்ளே சென்று, தாமதத்திற்கான தண்டனையை வாய்திறவாமல் ஏற்றிருக்கிறாள். அங்கே காரணம் சொல்ல அச்சம். இங்கே மறுபடி கேட்க அச்சம். இரண்டு ஆசிரியர்களுக்கிடையே ஒரு பிள்ளை தனித்து நின்றிருக்கிறாள், இருவருமே அறியவில்லை.

மறுநாள் அவள் அத்தாவுடன் நானும் அப்பள்ளிக்குச் சென்றேன். தலைமையாசிரியையான அருட்சகோதரி எங்களை அமர வைத்துப் பொறுமையுடன் கேட்டார். "அந்த அடையாளத்தைப் போடும்படி நாங்கள் யாரும் அவளிடம் சொல்லவில்லை. தோழியரைப் பார்த்துச் செய்திருப்பாள். அமைதியாக நின்றால் போதும். தாமதத்திற்குக் காரணம் கேட்காமல் தண்டித்தது எங்கள் தவறு" என்றார். காரணம் கேட்காதவர் அவர் மட்டுமா? நான் தலைகுனிந்தேன்.

அன்று அப்பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பும் கிட்டியது. நம்மில் பலர் பிள்ளையைச் சேர்த்துவிட்டுக் கட்டணத்தையும் மதிப்பெண்ணையும் மட்டுமே கேட்கிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா?

பாடத்திட்டம் அரசுடையதே. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்தும் அரசுப் பள்ளிகளில் உள்ளவையே. இவற்றோடு சமயத்திற்கென ஒதுக்கிய பாடவேளையும் உண்டு. அவ்வேளையில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி பயில்வர். மற்றவர்கள் வேறு அறையில் நன்னெறிப் பாடம் பயில்வர். உண்மை பேசுதல், பெற்றோரைப் பேணுதல் போன்றவையே அப்பாடத்தில் இருந்தன. அக்டோபர் மாதம் அவர்களுக்கு ஜெபமாலை மாதம். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் பிள்ளைகள் தின்பண்டக் காசை உண்டியலில் சேர்த்து ஏழைகளுக்கு அளிக்கின்றனர். நண்பகலில் அரசின் சத்துணவு உண்டு. 1982-இல் விரிவாகத் தொடங்கப்பெற்ற அத்திட்டத்தில் முட்டை உண்டு, இறைச்சி இல்லை. எனவே ஹலால் குறித்த ஐயத்திற்கு அங்கே இடமில்லை.

என்னைக் கவர்ந்தது வேறொன்று. வகுப்பு முடிந்த பின்னும் ஒரு சகோதரி, பாடத்தில் பின்தங்கிய நான்கு பிள்ளைகளை மரத்தடியில் அமர்த்தி வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான்காம் முறை தவறிய பிள்ளைக்கும் அவர் குரல் உயரவில்லை. மக்தபில் என் கையிலிருக்கும் பிரம்பு அப்போது என் நினைவுக்கு வந்தது.

இனிச் சட்டம் கூறுவதைக் கவனியுங்கள். சிறுபான்மையினர் தம் கல்விக்கூடங்களை நிறுவி நடத்தும் உரிமையை நம் அரசியல் சாசனத்தின் 30-ஆவது பிரிவு அளிக்கிறது. அதே சாசனத்தின் 28-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் அதன் பெற்றோர் இசைவின்றிச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. 1986-இல் உச்ச நீதிமன்றம் கேரளத்துப் பிள்ளைகள் மூவரின் வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. அவர்கள் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவினர். தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றனர். தம் சமய நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. அதற்காக அவர்களைப் பள்ளியை விட்டு நீக்கியது செல்லாது என்றது நீதிமன்றம். மரியாதையுடன் மௌனமாக நிற்பது அவமதிப்பாகாது என்பதே அதன் சாரம்.

இந்த நெறி நமக்குப் புதிதன்று. அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்த முஸ்லிம்கள், கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் சிரம் பணிய மறுத்தனர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆயினும் கண்ணியம் குறையாமல் பேசினார் ஜஅஃபர் (ரலி). மர்யம் அத்தியாயத்தை அவர் ஓதக் கேட்ட மன்னர் கண்ணீர் விட்டார். உறுதியும் பண்பும் ஒருங்கே நிற்க முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

ஆகவே பெற்றோர்களே, சேர்க்கை விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தில் சமய வகுப்புக்கான கட்டம் நிரப்பப்படாமலே கிடந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பையனை அனுப்ப வேண்டுமாயின் ஆண்டின் தொடக்கத்திலேயே பணிவுடன் எழுதிக் கொடுங்கள். ஈஸா (அலை) அவர்களையும் மர்யம் (அலை) அவர்களையும் பற்றி நம் குர்ஆன் கூறுவதை வீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். தன் வீட்டில் விளக்கம் பெற்ற பிள்ளை வெளியே குழம்பாது.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. 1919-இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியிலும், 1951-இல் தோன்றிய திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியிலும் பிற சமயப் பிள்ளைகள் பயில்கின்றனர். நம் அப்துல் கலாம் அவர்கள் திருச்சியில் இயேசு சபையினரின் புனித வளனார் கல்லூரியில் பயின்று 1954-இல் பட்டம் பெற்றார். நம் பிள்ளைகளுக்கு நாம் வேண்டும் கண்ணியத்தை, நம்மிடம் வரும் பிள்ளைகளுக்கு நாம் அளிக்கிறோமா என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.

அன்று மாலை அப்பிள்ளையை அழைத்து, "தெரியாமல் செய்ததற்கு அல்லாஹ் பிடிக்க மாட்டான். இனி எல்லோருடனும் வரிசையில் நில், கைகளைக் கீழே விட்டு மௌனமாயிரு. மனத்துள் ஸலவாத் ஓதிக்கொள். அன்று உன்னைக் கடிந்தது என் பிழை" என்றேன். சற்று நேரம் நின்றாள். பிறகு, "ஹஜ்ரத், நன்னெறி வகுப்பில் நான் உட்காரலாமா?" என்று கேட்டாள். "தாராளமாக உட்காரலாம். அங்கே கற்றதை எனக்கும் வந்து சொல்" என்றேன்.

மறுபடியும் அவள் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டாள், அல்ஹம்து லில்லாஹ். நம் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பொறுமையுடன் செவிசாய்க்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.