சிறைக்குப் போன முதல் பெண் மாஜிஸ்திரேட்: கம்பத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

தேனி மாவட்ட க்ரைம் செய்திகளைப் படிப்பவர்களுக்குப் பழகிப்போன கடைசி வரி ஒன்று உண்டு: கைதான பெண் நிலக்கோட்டை பெண்கள் சிறையில் அடைக்கப்பட்டார். விரல் அடுத்த செய்திக்குத் தாவிவிடும். ஆனால், ‘அடைக்கப்பட்டார்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து இருக்கிறது. கையெழுத்துப் போடுபவருக்குச் சிறை எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

இந்தியாவின் முதல் பெண் மாஜிஸ்திரேட்டுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

யார் அவர்?

மார்கரெட் கசின்ஸ். 1878-ல் அயர்லாந்தில் பிறந்தவர். படித்தது சட்டம் அல்ல, இசை. மதனப்பள்ளியில் 1919-ல் தாகூர் பாடிய ‘ஜன கண மன’வுக்கு இசைக்குறிப்பு எழுதியவர் இவர்தான். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடி 1910-ல் லண்டனிலும், 1913-ல் அயர்லாந்திலும் சிறைக்குப் போனார். ‘எங்களை அரசியல் கைதிகளாக நடத்துங்கள்’ என்று உள்ளேயே உண்ணாவிரதம் இருந்தார்.

1915-ல் இந்தியா வந்தார். 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். 1922-ல் சென்னையில் கௌரவ மாஜிஸ்திரேட் ஆனார். பெண்கள் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்று சட்டம் வந்ததே அடுத்த வருஷம், 1923-ல்தான்.

பத்து வருஷம் கழித்து நிலைமை தலைகீழ். பிரிட்டிஷ் அரசின் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக 1932-ல் கைதானார். இந்த முறை வேலூர் பெண்கள் சிறை. தீர்ப்பு சொல்லும் நாற்காலி, கைதியின் அறை இரண்டையும் பார்த்தவர் என்பதுதான் அவர் கதையில் முக்கியமான விஷயம்.

சரி, இது இன்றைக்கு எதற்கு?

இன்று பெண் நீதிபதிகள் புதுமை இல்லை. சிவில் நீதிபதி தேர்வுக்குத் தயாராகும் பெண்கள் போடியிலும் சின்னமனூரிலும்கூட இருக்கிறார்கள். நாற்காலி கிடைத்துவிட்டது. கைதியின் பக்கத்து அனுபவம்தான் இன்னும் அந்த நாற்காலிக்கு வந்து சேரவில்லை.

கம்பத்தில் திராட்சைத் தோட்டக் கூலிக்குப் போகும் ஒரு பெண் கைதாகிறார் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ரிமாண்ட் ஆனால், அவரைப் பார்க்கக் குடும்பம் தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு தாண்டி அடுத்த மாவட்டத்துக்கு பஸ் ஏற வேண்டும். அன்றைய கூலி போச்சு. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் அம்மாவோடு சிறைக்குள் இருக்கலாம். ஏழு வயசுப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

காவலை நீட்டிக்க நேரில் கொண்டுவரக்கூட வேண்டாம். வீடியோ திரை போதும் என்கிறது சட்டம். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள்.

சட்டம் உதவாதா?

உதவும், கேட்டால். ஜாமீனில் விட முடியாத வழக்கு என்றாலும், பெண் என்ற காரணத்தைக் கருதி ஜாமீன் தர மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 479-வது பிரிவு, முன்பு தண்டனை பெறாத விசாரணைக் கைதி, அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் விடுவிக்கச் சொல்கிறது. தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது; வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. நீதிமன்றத்துக்கு எழுதிக் கேட்க வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை.

ஆகவே, சிறைச் சீர்திருத்தம் என்றால் சுவருக்கு வெள்ளையடிப்பது, சாப்பாட்டு மெனுவை மாற்றுவது மட்டும் அல்ல. அது சிறை வாசலுக்கு முன்பே, ரிமாண்ட் நடக்கும் அந்தச் சில நிமிடங்களில் தொடங்குகிறது. இவரை உள்ளே வைத்தே ஆக வேண்டுமா? வக்கீல் இருக்கிறாரா? வீட்டில் குழந்தைகளை யார் பார்க்கிறார்கள்? இந்த மூன்று கேள்விகளும் கேட்கப்பட்டன, பதில் இதுதான் என்று ஒவ்வொரு ரிமாண்ட் உத்தரவிலும் பதிவாக வேண்டும். இதற்குப் புதுக் கட்டடமும் தேவையில்லை, பெரிய பட்ஜெட்டும் தேவையில்லை.

கசின்ஸ் மாதிரி எல்லா மாஜிஸ்திரேட்டும் ஜெயிலுக்குப் போய்வர முடியாது. கேட்கவாவது முடியும்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படி மாட்டிக்கொண்டால் இலவச சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் அது சலுகை இல்லை, உரிமை.