சித்தூரில் ஓர் இரவு தங்கட்டும் வேன்கள்

புரட்டாசி பிறந்துவிட்டால் டூரிஸ்ட் வேன்களுக்கு ஓய்வே கிடையாது. மதுரை, திருச்சி வண்டிகள் திருவண்ணாமலை வழியாகவும், கோவை, சேலம் வண்டிகள் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி வழியாகவும் வந்து, வேலூரைத் தாண்டிக் காட்பாடிச் சாலையில் சேர்கின்றன. கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடியைக் கடந்தால் ஆந்திரம். கொஞ்ச தூரத்தில் சித்தூர். அங்கிருந்து திருப்பதிக்குச் சுமார் 70 கிலோமீட்டர்.

புறப்படும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். வண்டியின் பின்பக்கம் புளியோதரைத் தூக்கு, தண்ணீர்க் கேன், பாய், தலையணை, சில வண்டிகளில் சின்ன கேஸ் அடுப்பும் இருக்கும். மொட்டையடிக்க வேண்டிய குழந்தை பாட்டி மடியில் தூங்கிக்கொண்டு வரும். வெளிநாடுகளில் மோட்டார்ஹோம் என்ற பெயரில் குடும்பங்கள் வாடகைக்கு எடுக்கும் வண்டியின் வேலையை இங்கே பதினேழு சீட் வேன் பல காலமாகச் செய்துவருகிறது. ஆனால் முதல் நாளை எப்படி நடத்துவது என்பதில் அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

வட அமெரிக்காவில் மோட்டார்ஹோம் வாடகைக்கு விடும் சில நிறுவனங்கள், நீண்ட தூரம் விமானத்தில் வந்திறங்கியவரிடம் அன்றே சாவியைக் கொடுப்பதில்லை. ஓர் இரவு விடுதியில் தூங்கிவிட்டு மறுநாள் வரச் சொல்கின்றன. பழகியவர்களும் முதல் நாள் கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டி, இருட்டுவதற்குள் நிறுத்திவிடுங்கள் என்றுதான் சொல்வார்கள். தூக்கம் கெட்டவன் கையில் பெரிய வண்டியைக் கொடுக்கக் கூடாது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை.

நம் வேன்களில் நடப்பது நேர்மாறு. மதுரையிலிருந்து திருப்பதி 500 கிலோமீட்டருக்கு மேல். சாயங்காலம் கிளம்பி, விடியும்போது மலையடிவாரத்து அலிபிரியில் நிற்க வேண்டும் என்பதுதான் பேச்சு. பெரும்பாலும் ஒரே டிரைவர். பகலெல்லாம் வேறு சவாரி ஓட்டிவிட்டு வந்தவராகவும் இருக்கலாம். ராத்திரி முழுக்க ஓட்டியவர்தான் காலையில் மலைப்பாதையிலும் ஏற்றுகிறார். வளைவு மேல் வளைவாகப் போகும் அந்தப் பாதையில் வேகத்தைத் தடுக்க, ஏறுவதற்கு 28 நிமிடம், இறங்குவதற்கு 40 நிமிடம் என்று தேவஸ்தானம் குறைந்தபட்ச நேரம் வைத்தது. வேகத்தை அப்படிக் கணக்குப் பார்த்துப் பிடித்துவிடலாம். டிரைவரின் கண்ணில் எவ்வளவு தூக்கம் மிச்சம் என்று பார்க்கும் சோதனைச்சாவடி எங்கும் இல்லை.

சித்தூர் புறவழிச்சாலை ஓரத்தில் அதிகாலை நாலரை மணிக்கு நிற்கும் வேன்களைப் பார்த்தால் நிலைமை புரியும். பெண்கள் செல்போன் வெளிச்சத்தில் புதர் மறைவைத் தேடிப் போகிறார்கள். ஒருவர் கேனைச் சாய்த்துப் பிடிக்க, மற்றவர்கள் வரிசையாகப் பல் துலக்குகிறார்கள். டிரைவர் ஸ்டியரிங்கில் துண்டை மடித்து வைத்து அதன் மேல் தலை சாய்த்திருக்கிறார். பத்து நிமிடம் ஆவதற்குள் "டிரைவரண்ணே, கிளம்பலாமா? டோக்கன் தீர்ந்துடும்" என்று கதவைத் தட்டுகிறார்கள். அவரும் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு சாவியைத் திருகுகிறார்.

ஓட்டுநரின் வேலை நேரத்துக்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வகுத்தது. ஒற்றை வேன் வைத்துப் பிழைப்பவரிடம் அதைக் கேட்பவர் யார்? இரவுப் பயணத்தில் என்ன நடக்கலாம் என்பதை இந்தப் பகுதியே பார்த்திருக்கிறது. 2022 மார்ச் 26 இரவு, தர்மவரத்திலிருந்து நிச்சயதார்த்தத்துக்காக வந்துகொண்டிருந்த ஒரு தனியார் பேருந்து திருப்பதிக்கு அருகே பாகராபேட்டை மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து பலர் உயிரிழந்தார்கள்.

இரவில் தங்கச் சொன்னால், "எங்கே தங்குவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதினைந்து பேருக்கு லாட்ஜ் எடுக்கும் வசதி எல்லாக் குடும்பத்துக்கும் இல்லை. பிரான்சில் ஊருக்கு ஊர், வண்டியை நிறுத்தவும், நல்ல தண்ணீர் பிடிக்கவும், கழிவுநீரை இறக்கவும் மோட்டார்ஹோம்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நியூசிலாந்தில் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தித் தங்கியவர்களால் ஊர்க்காரர்கள் சலித்துப்போக, 2011-இல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. 2023-இல் அதை இன்னும் இறுக்கினார்கள்.

வழியில் தங்க இடம் தரும் ஏற்பாடு நமக்கும் புதிதல்ல. ராமேசுவரம் போகிறவர்களுக்காக ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் கட்டினார் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. நடந்தும் மாட்டுவண்டியிலும் வந்தவர்களுக்கு அங்கே சோறும் திண்ணையும் கிடைத்தன. வண்டியில் மோட்டார் வந்த பிறகு வழியில் தங்குகிற பழக்கமே போய்விட்டது.

இப்போது பல மாநிலங்கள் கேரவன் சுற்றுலா பற்றிப் பேசுகின்றன. கேரளம் 2021-இலேயே 'கேரவன் கேரளா' கொள்கையை அறிவித்து, வாகமண்ணில் கேரவன் பூங்காவும் அமைத்தது. நல்லதுதான். ஆனால் ஏ.சி. படுக்கை வண்டியில் வரப்போகிறவருக்கு முன்னால், ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் டி.என். நம்பர் வேனுக்கு ஒரு வழி செய்ய வேண்டும். நெடுஞ்சாலைகளில் ஓட்டுநர்களுக்காக முதல் கட்டமாக 1,000 ஓய்வு மையங்கள் கட்டப்படும் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். அதில் ஒன்று சித்தூர்–திருப்பதி சாலைக்கு வரட்டும். வெளிச்சமான மைதானம், குளியலறை, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, சமைக்க ஒரு கொட்டகை, சத்தமில்லாத மூலையில் டிரைவர்களுக்குப் படுக்கைக் கூடம். இவ்வளவு இருந்தால் போதும். இடத்தை ஆந்திர அரசு கொடுக்கட்டும். செலவில் தேவஸ்தானமும், தன் மக்கள் வருவதால் தமிழ்நாடு அரசும் பங்கெடுக்கட்டும். தரிசன டோக்கனில் கொஞ்சத்தை அங்கேயே வழங்கினால், விடியுமுன் அலிபிரியில் நிற்க வேண்டும் என்ற பதற்றமும் குறையும்.

அதுவரை, வண்டி பேசுகிற குடும்பங்கள் வாடகையோடு இன்னும் இரண்டு விஷயம் கேட்கலாம். டிரைவர் கடைசியாக எப்போது தூங்கினார்? 300 கிலோமீட்டருக்கு மேல் போகும் பயணத்துக்கு இரண்டாவது டிரைவர் உண்டா? அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தால் கொடுத்துவிடுவதே சரி. பகலில் கிளம்பி, வேலூரிலோ சித்தூரிலோ ஒரு கல்யாண மண்டபத்தில் இரவு படுத்துவிட்டு, மறுநாள் காலை மலையேறலாம். தரிசனம் அரை நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.