நோக்கு நூல்களுக்கான நிதி ஒதுக்கீடு: அந்தமான் தீவுகளை முன்வைத்து

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். முதலாம் இராசேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டு மாநக்கவாரத்தைக் குறிக்கின்றது. போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அப்பெயரின் பொருத்தத்தை ஆராயும் தீவு மாணவருக்குக் கல்வெட்டுத் தொகுதிகளும் அகராதிகளும் இன்றியமையாதன. அவற்றைத் தேடி ஏறத்தாழ 1,200 கி.மீ. கடல்கடந்து சென்னைக்கு வருக என்பது ஆய்வையே மறுப்பதாகும்.

சிறு தனித்துறை நூலகங்களில் இரவல் பதிவே பயன்பாட்டின் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. நோக்கு நூல்களோ இரவல் தரப்படாதவை. வெளியே கொடுத்தல் கூடாதென விதித்துவிட்டு, எவரும் எடுத்துச் செல்லவில்லை என நிதியைக் குறைப்பது எவ்வகை நியாயம்?

ஆண்டுக் கணக்கு முறையும் இக்குறையை மிகுவிக்கின்றது. சட்டப்பேரவை இல்லாத இவ்வொன்றியப் பகுதிக்கான நிதி ஒன்றிய அரசின் நிதிநிலை அறிக்கை வழியே வருவது. செலவிடப்படாத தொகை மார்ச் 31உடன் காலாவதியாவது. கருவி நூல்களோ ஓராண்டில் முடிவன அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகள் 1924 முதல் 1936 வரையிலும், பின்னிணைப்பு 1939இலும் வெளிவந்தன. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954இல் தொடங்கிப் பத்துத் தொகுதிகளாக 1968இல் நிறைவுற்றது. இத்தகு நூல்வரிசைகளை மார்ச் மாத அவசரத்தில் வாங்க முற்படின், கிடைத்த தொகுதி அடுக்கேறும். தேவையான தொகுதி விடுபடும்.

‘அனைத்தும் இணையத்தில் உள்ளன, சென்னை - அந்தமான் கடலடி இழை வடமும் 2020இல் வந்துவிட்டது, இனி அச்சுநூல் எதற்கு?’ என்பார் உளர். பேரகராதி இணையத்தில் கிடைப்பது உண்மையே. ஆயின் பதிப்புரிமைக்கு உட்பட்ட அண்மைக்கால அகராதிகள் பலவும் அவ்வாறு இலவசமாகக் கிடைப்பன அல்ல. இணையத்தால் மிச்சமாகும் தொகை அவற்றுக்குத் திருப்பப்பட வேண்டுமே அன்றி, ஒதுக்கீட்டை ஒழிக்கும் காரணமாகக் காட்டப்படுதல் தகாது.

ஆகவே, நூற்கொள்முதல் நிதியில் நோக்கு நூல்களுக்கெனப் பிறவற்றுக்கு மாற்றவியலாத தனித் தலைப்பு வேண்டும். விடுபட்ட தொகுதிகளின் பட்டியல் நிதி வருவதற்கு முன்பே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். நூலகத்துள் எடுத்துப் பார்க்கப்படும் நூல்களும் நாள்தோறும் பதிவு செய்யப்படல் வேண்டும். நூலகம் வளரும் உயிரி என்பது சீர்காழி தந்த நூலகவியல் அறிஞர் இரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்தாம் விதி. எஞ்சிய சோற்றை இட்டு எவ்வுயிரையும் வளர்த்தல் இயலாது.