ஹீரோ ரோல் இல்லன்னா வரமாட்டியா?

போன செமஸ்டர் கல்ச்சுரல்ஸ் நாடகத்துக்கு ஆள் தேடினோம். ஹீரோ ரோலுக்குப் பதினோரு பேர் வந்தாங்க. ஹீரோவோட அப்பா ரோலுக்கு ஒருத்தர்கூட வரல. "மூணு டயலாக்தானே மச்சான், வேற யாரையாவது பாரு." கடைசியில நானே ஒட்டுமீசை வச்சுக்கிட்டு அப்பா ஆனேன். கடுப்போடதான்.

அந்த வாரம் மந்தைவெளியில எங்க வீட்டு டிவியில 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) ஓடிச்சு. வசனம் கிரேஸி மோகன். கிண்டியில இன்ஜினியரிங் படிச்சவர், எங்க ஏரியாக்காரர். வழக்கமா கமலைத்தான் பார்ப்போம் இல்லையா? நீங்க ஒரு தடவை, பாலக்காடு மணி ஐயரா வர்ற டெல்லி கணேஷை மட்டும் பாருங்க. கமல் பேசி முடிச்சதும் நாம சிரிக்கிறது, பாதி நேரம் எதிர்ல நிக்கிற இவர் முகத்தைப் பார்த்துதான்.

இது தானா வந்ததில்லை. 1964-லிருந்து பத்து வருஷம் அவர் விமானப்படையில வேலை பார்த்தவர். டெல்லியில தட்சிண பாரத நாடக சபாவில நடிச்சார். வேலையை விட்டு சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தி குழுவில சேர்ந்தார். அங்க நடிச்ச விசுவோட 'பட்டினப்பிரவேசம்' நாடகத்தை, 1977-ல பாலசந்தர் படமா எடுத்தார். அதுதான் கணேசனுக்கு முதல் படம். 'டெல்லி கணேஷ்'னு பேர் வச்சதும் பாலசந்தர்தான். அப்புறம் 'சிந்து பைரவி', 'நாயகன்', 'அவ்வை சண்முகி'ன்னு நானூறு படங்களுக்கு மேல. 'அபூர்வ சகோதரர்கள்'ல வில்லன்கூட ஆனார்.

"எத்தனை போஸ்டர்ல அவர் முகம் இருந்துச்சு?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024 நவம்பர் 9-ம் தேதி அவர் இறந்தப்பதான் நம்ம ஸ்டேட்டஸ்ல எல்லாம் அவர் முகம் வந்துச்சு. அது நம்ம தப்புன்னு நான் சொல்றேன். அவர் வேலையில குறை இல்ல.

நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டையே எடுத்துக்கோங்க. நாலு பேர் டீம்ல மூணு பேர் ரெஸ்யூமேல 'டீம் லீட்'. டெஸ்டிங் பண்ண, ரிப்போர்ட் எழுத ஆள் கிடையாது. ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி யாரோ ஒருத்தர் உட்கார்ந்து முடிப்பாங்க. ப்ராஜெக்ட் ஓடுறதே அந்த ஒருத்தரால. வைவாவுல அவங்க பேரையாவது சொல்றோமா?

டி.நகர் வாணி மஹால், ஆழ்வார்பேட்டை நாரத கான சபா, ரெண்டும் நமக்குத் தூரம் இல்ல. பிளேஸ்மென்ட் ஆர்டர் வந்து ஊரை விட்டுப் போறதுக்குள்ள ஒரு நாடகம் பார்த்துடுங்க. பேசாம நிக்கிறவர் என்ன பண்றார்னு கவனிங்க.

எங்க நாடகத்துல என்ன ஆச்சுன்னு கேட்கிறீங்களா? நான் டயலாக் பேசினப்ப யாரும் சிரிக்கல. ஹீரோ பேசுறதைக் கேட்டுக்கிட்டு சும்மா நின்னப்ப சிரிச்சாங்க. அடுத்த வருஷ ஜூனியர்ஸ் கவனத்துக்கு: அப்பா ரோல் காலியா இருக்கு.