பைலட் வரவில்லை என்றால் விமானத்தை எடைக்குப் போடுவார்களா?

"அது பழசு சார், புது கம்ப்யூட்டருக்கு ஒத்து வராது. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க."

இந்த வாக்கியத்தைக் கேட்காத ஓய்வூதியர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நாடி பிடித்துப் பார்க்காமலே மரணச் சான்று எழுதுகிற டாக்டரை நாம் சும்மா விடுவோமா? பிரிண்டர் விஷயத்தில் மட்டும் தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுத்து நீட்டுகிறோம். எனக்கு இதில் சம்மதம் இல்லை.

என் வீட்டு லேசர் பிரிண்டர் 2007இல் வாங்கியது. கருப்பு வெள்ளைதான். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். டோனர் ரீஃபில் இன்றைக்கும் கிடைக்கிறது. பேப்பரை இழுக்கும் ரப்பர் ரோலரை ஒரு தடவை மாற்றினேன். எழுத்து அச்சுக் கோத்ததுபோல் விழுகிறது. ஆனால் புது லேப்டாப்பில் கேபிளைச் செருகினால் "டிரைவர் கிடைக்கவில்லை" என்று வருகிறது. கம்பெனியின் வலைத்தளத்தில் தேடினால், இந்த மாடலுக்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று ஒரு வரி.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். நாம் டிரைவர் என்பதை பிரெஞ்சில் 'பிலோத்' என்பார்கள், அதாவது பைலட். இங்கே நடப்பது என்னவென்று இந்தச் சொல் நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது. விமானம் நல்ல நிலையில் நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது. பைலட்டை அனுப்ப மாட்டேன் என்கிறார் முதலாளி. அதற்காக விமானத்தை உடைத்து எடைக்குப் போடு என்று பயணியிடம் சொல்கிறார்கள்.

வாங்கும்போது கடைக்காரர் சொல்லாத சங்கதி ஒன்று இருக்கிறது. பிரிண்டரில் இரண்டு ஜாதி. ஒன்று, பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பொதுவான மொழி தெரிந்தது. இரண்டும் 1980களில் வந்தவை, இன்றும் செல்லுபடியாகின்றன. அந்த ஜாதிப் பிரிண்டர் இருபது வருடம் பழையதானாலும், பெரும்பாலும் ஒரு பொது டிரைவரை வைத்து ஓட்டிவிடலாம். இன்னொன்று, விலை மலிவு. சொந்தமாக மூளை கிடையாது. பக்கத்தை எப்படி வரைவது என்ற கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரே போட்டு, அந்தக் கம்பெனிக்கு மட்டும் புரிகிற பாஷையில் அனுப்ப வேண்டும். சில மாடல்களுக்கு ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கம்ப்யூட்டர்தான் உள்மென்பொருளை ஊட்டிவிட வேண்டும். வீடுகளிலும் சின்ன ஆபீஸ்களிலும் இருப்பவை அநேகமாக இந்த இரண்டாவது ஜாதிதான். 32 பிட் விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் 64 பிட்டில் ஏறாது. புதிதாக எழுதித் தர வேண்டியது தயாரித்தவர். அவருக்குப் புதுப் பெட்டி விற்பதில்தான் லாபம் என்றால் எழுதுவாரா?

"பழைய கம்ப்யூட்டரிலேயே மாட்டி வைத்து, நெட்வொர்க்கில் ஷேர் செய்துகொள்ளலாமே" என்பீர்கள். நானும் அப்படித்தான் சில வருடம் ஓட்டினேன். அந்தப் பாதையும் அடைபட்டுக்கொண்டே வருகிறது. பழைய விண்டோஸ்கள் பகிர்வுக்குப் பயன்படுத்திய எஸ்எம்பி 1 என்ற முறையின் ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வானாக்ரை உலகம் முழுக்கப் பரவியது. அந்த வருடக் கடைசியிலிருந்து புது விண்டோஸ் 10இல் அந்த முறை தானாக இருப்பதில்லை. 2021 ஜூலையில் 'பிரிண்ட் நைட்மேர்'. பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் வழியாகவே கணினியின் முழு அதிகாரத்தையும் ஒருவன் பிடித்துவிடலாம் என்று தெரிந்தது. அதை அடைத்த அப்டேட்டுகளால் பல ஆபீஸ்களில் ஷேர் செய்த பிரிண்டர்கள் நின்றன. கதவைப் பூட்டியது சரி, திருடன் வருகிற வழியைத் திறந்து வைக்கச் சொல்லவில்லை. பூட்டின் செலவு முழுவதையும் ஏன் கிழவன் தலையில் கட்ட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இவ்வளவு கோபம் ஒரு பெட்டிக்காகவா என்று என் மகனும் கேட்கிறான். எங்கள் தெருவில் 'சொல்தா' வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் விதவைகள், எண்பது தாண்டியவர்கள். வருடா வருடம் 'செர்த்திஃபிகா த வீ' அனுப்ப வேண்டும், நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கான சான்று. தாமதித்தால் பென்ஷன் நின்றுவிடும். "முசே, அந்தக் காயிதம் எடுத்துக் குடுங்க" என்று என்னிடம்தான் வருகிறார்கள். பிரெஞ்சில் வரும் கடிதத்தைப் படித்துச் சொல்லி, படிவத்தை அச்செடுத்து, எங்கே கையெழுத்து என்று பென்சிலால் புள்ளி வைத்துத் தருகிறேன். அவர்கள் உயிரோடு இருப்பதற்குக் காகிதம் தருகிற பிரிண்டரைத்தான் செத்துப்போச்சு என்கிறார் கடைக்காரப் பையன்.

சாகவில்லை என்று நிரூபித்தாகிவிட்டது. ராஸ்பெர்ரி பை என்று உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர். அதில் லினக்ஸ், அதற்குள் கப்ஸ் என்ற அச்சு மென்பொருள், 1999இல் வெளிவந்தது. என் மாதிரிப் பிரிண்டர்களின் ரகசிய பாஷையை யாரோ சிலர் கூலி வாங்காமல் ஆராய்ந்து, டிரைவர் எழுதி, மூல நிரலோடு வெளியிட்டிருக்கிறார்கள். பிரிண்டரை இதில் மாட்டினால், நெட்வொர்க்கில் புத்தம் புது பிரிண்டர்போலக் காட்சி தருகிறது. லேப்டாப்பும் பார்க்கிறது, மருமகளின் போனும் பார்க்கிறது. பழைய பெட்டியின் பாஷை இந்தச் சின்னப் பெட்டியோடு நின்றுவிடுகிறது. இரண்டு மாலைப் பொழுது ஆயிற்று, பக்கத்து வீட்டுப் பாலிடெக்னிக் பையன் உதவினான். முகம் தெரியாதவர்கள் சும்மா செய்து கொடுத்த வேலையை, விற்றுக் காசு பார்த்தவரால் செய்ய முடியவில்லை என்பதை நான் எப்படி நம்புவது?

இந்தச் சண்டை இன்றைக்கு நேற்றையதல்ல. அமெரிக்காவின் எம்ஐடியில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1980 வாக்கில் ஒரு லேசர் பிரிண்டருக்கான மென்பொருளின் மூல நிரலைக் கேட்டு, கிடைக்காமல் போனதைத்தான் பிற்பாடு தன் இயக்கத்தின் தொடக்கக் கதையாகச் சொல்லி வந்தார். பிரான்சில் 2015 சட்டப்படி, பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பது குற்றம். இரண்டு வருடச் சிறையும் 3,00,000 யூரோ அபராதமும் உண்டு. 2021இல் வாஷிங் மெஷின், டிவி, போன், லேப்டாப், புல்வெட்டும் இயந்திரம் எல்லாவற்றிலும் பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் ஒட்டி விற்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். பிரிண்டரை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை! நல்ல காரியத்தை முக்கால்வாசியில் நிறுத்துவதும் பிரெஞ்சுக்காரர் வழக்கம்தான்.

நான் இலவசமாக ஆயுள் முழுக்க டிரைவர் எழுதித் தரச் சொல்லவில்லை. ஆதரவை நிறுத்துகிற அன்றைக்கு அந்தப் பிரிண்டரின் பாஷையை எழுத்தில் வெளியிட்டுவிடு, அவ்வளவுதான். உனக்கு வேண்டாத பொருளின் சாவியை நீயே ஏன் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்?

கம்பெனிகள் என் பேச்சைக் கேட்கப்போவதில்லை. ஆனால் இந்த வலைப்பூவைப் படிக்கிறவர்களில் ஸ்டோர்ஸ் செக்‌ஷனில் இன்னும் பணியில் இருப்பவர்கள் சிலர் உண்டு என்று தெரியும். அடுத்த டெண்டரில் பிரிண்டர் வருகிறபோது, நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்று எழுதும் வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேருங்கள்: பிசிஎல் அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் புரிய வேண்டும், நெட்வொர்க் கேபிள் செருகும் வசதி இருக்க வேண்டும். எல்-1 கொஞ்சம் கூடும், தணிக்கைக்காரர் கேள்வி கேட்பார். பதிலையும் இப்போதே கோப்பில் எழுதி வைத்துவிடுங்கள்.